குடை பிடிக்கும் நேரம்

வெட்டிய மரத்துக்குப் பதிலாக நட்ட கன்று வளரும்வரை, பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெட்டியவரே நிழல் தர வேண்டும் என்பது மாநகராட்சி விதி. கார் வந்துபோக வாசல் வேம்பை வெட்டிய தணிகாசலம், அதனடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த முனிரத்தினத்துக்கு எட்டு மாதமாகக் குடை பிடிக்கிறார். கன்று இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை.

மணி மூன்றானதும் குடையை மடக்கினார். வெயில் தாழ்ந்தபாடில்லை.

"இன்னும் எத்தனை உருப்படி?"

"இருக்கு சார், ஒரு முப்பது. நீங்க போங்க." நெற்றி வியர்வை சட்டைமேல் சொட்டாமல் துடைத்துக்கொண்டார் முனிரத்தினம். "மரம் மணி பாத்ததில்ல. நானும் பாக்காமலே பழகிட்டேன்."

தணிகாசலம் கேட்டைத் திறந்தார். போர்ட்டிகோ நிழலில் கார் சொகுசாக நின்றிருந்தது. சற்று நேரம் அதையே பார்த்தவர், வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தினார்.

"இனிமே குடை புடிக்க முடியாது, கை கடுக்குது. வண்டிய உள்ள தள்ளுப்பா" என்றார்.