சம்மதம் பொத்தான்

"நம்ம வெப்சைட்ல எல்லாப் பொண்ணுங்க படத்துக்குக் கீழேயும் 'சம்மதம்' பொத்தான் வேலை செய்யுது. நம்ம டைப்பிஸ்ட் நவமணி படத்துக்கு மட்டும் செய்யல லா!" என்று கத்தினார் பினாங்கு ரோட்டுக் கல்யாணத் தரகர் அப்புத்துரை.

பொத்தானை அமுக்கினால் நடக்க வேண்டிய வேலையை அதோடு மாட்டவும் கழற்றவும் ஒரு குட்டி புரோகிராம் எழுதியிருந்த, வெப்சைட் செய்து கொடுத்த சற்குணம், தினமும் வந்து மாட்டினான். மறுநாள் அது கழன்றிருந்தது. மானிட்டர் மேல் எலுமிச்சம்பழம்கூட வைத்துப் பார்த்தான். நவமணி போட்டுக் கொடுத்த கோப்பிதான் மிச்சம்.

மூன்று மாதமாக அவளுக்கு ஒரு வரனும் வராததால், "நீயே கட்டிக்க தம்பி" என்றார் தரகர்.

நிச்சயதார்த்தத்தன்று நவமணி காதோடு சொன்னாள்: "தினமும் சாயங்காலம் நான்தான் கழட்டினேன். இல்லன்னா நீங்க வருவீங்களா?"

சற்குணத்தின் முகம் மலர்ந்தது.

"அப்போ என் புரோகிராம்ல தப்பே இல்லையா?"