வெள்ளியா, மருந்தா

தேன்மொழியின் இடது மணிக்கட்டைச் சுற்றி வெளிறிய தடம் ஒன்று இருந்தது. வயதுக்கு வந்த நாள் முதல் அவள் மருந்துக் காப்பு அணிந்திருந்த இடம் அது. மார்பகப் புற்றுநோயில் செத்துப்போன அம்மாவிடமிருந்து வந்த ஆபத்தை அந்தக் காப்புதான் அடக்கி வைத்திருந்தது. ஆனால் அது கையில் இருக்கும்வரை கரு தங்காது. பிள்ளை வேண்டுமென்று போன வருடம் கழற்றிவிட்டாள். அதிலிருந்து குளிக்கும்போதெல்லாம் மார்பைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.

இன்று வளைகாப்பு. கண்ணாடி வளையல்கள் அந்தத் தடத்தை மறைத்துவிட்டன.

பந்தி முடிந்ததும் தம்பி எழிலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாய்மாமன் காப்பு அவன்தான் போடவேண்டும்.

"கடைக்குப் போயிருந்தேன்க்கா. சின்னதா ரெண்டு வகை காட்டுனாங்க. ஒண்ணு வெள்ளி."

"இன்னொண்ணு?"

"நீ போட்டிருந்தது மாதிரி. இப்பல்லாம் பொறந்ததுமே போட்டுவிடுறாங்களாம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "டெஸ்ட்ல என்னக்கா சொன்னாங்க? புள்ளைக்கும் இருக்கா?"

"நான் இன்னும் கேக்கலடா."

"அப்ப நான் எதை எடுக்கட்டும்?"

அவள் இடது கை வளையல்களை மேலே தள்ளி அந்தத் தடத்தைத் தேய்த்தாள். இரண்டு கை வளையல்களும் கலகலவென்று ஒலித்தன.

எதிரே தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா குலுக்கும்மா. உள்ள இருக்கிற புள்ளைக்குக் கேக்கட்டும்."