சூசையின் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

ஐம்பது வயதைத் தாண்டிய சுமைத் தொழிலாளி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிக் காட்டினால்தான் துறைமுகத்தில் வேலை நீடிக்கும். சூசைக்கு இது கடைசி வாய்ப்பு. ஆறு மாதமாகக் கூட ஓடிப் பழக்கிய சக சுமைத் தொழிலாளிகள் பிச்சையாவும் லூர்தும் இன்றும் பக்கத்திலேயே ஓடினார்கள். ஓடுகிறவனைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் விதி.

"விழுந்திராத மக்கா, முடிவுக் கோடு தெரியுது பாரு!" என்று கத்தினான் பிச்சையா.

"கண்ணு இருட்டுதுலே," என்றான் சூசை.

இன்னும் முப்பதடி இருக்கையில் சூசையின் முழங்கால் மடிந்தது. மூட்டையோடு சாய்கிறவனைத் தாங்கியே பழகியவர்கள் யோசிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

கோட்டருகே இருந்த கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. "பிறர் உதவி பெற்றவர். தகுதியில்லை," என்றது ஒலிபெருக்கி.

"உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டோமே," என்று லூர்து சட்டென்று கையை எடுத்தான்.

"இப்ப விட்டிராதலே," என்றான் சூசை. "நிக்க முடியல."