கை தவறியவள்

"குழந்தை எப்பவாவது கீழ விழுந்ததுண்டா? அடி ஏதாவது பட்டதா?"

டாக்டரம்மா கேட்டு முடிப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"விழல டாக்டர், போட்டுட்டா. ஆறு மாசக் குழந்தைய! இதோ உக்காந்திருக்காளே பெத்தவ, இவதான். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தப்போ, 'கை தவறிடுச்சு'ன்னு இவளே ஒத்துக்கிட்டா. அன்னிக்கு வீங்கின கன்னம். ஆறு வருஷமாச்சு, வடியவே இல்ல."

பெற்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் இருந்த சின்னவளுக்கு இடது கன்னம் வலதைப் போல இரண்டு மடங்கு. அந்தப் பக்கத்து உதடும் தடித்துத் தொங்கியது.

அத்தை குழந்தைகளின் அப்பாவுக்கு அக்கா. வாய் கொஞ்சம் நீளமே தவிர, பாசத்தில் குறை சொல்ல முடியாது. பல் டாக்டர், காது மூக்கு டாக்டர் என்று தம்பி மனைவியோடு படியேறி இறங்கியவள் அவள்தான். ஏறிய படியிலெல்லாம் இந்தக் கதையையும் சொல்லி வைப்பாள். கேட்டவர்கள் பெற்றவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவள் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. பேச எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவாள் என்று அத்தை நினைத்துக்கொள்வாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஸ்கேன் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"முதல் பல் எந்தப் பக்கம் வந்தது? எப்போ?"

"இடது பக்கம்" என்றாள் பெற்றவள் மெல்ல. "நாலாம் மாசமே. இந்தப் பக்கம் எல்லாப் பல்லும் சீக்கிரமா முளைச்சுது."

"அதாவது, விழறதுக்கு முன்னாடியே. பிறந்தப்போ எடுத்த போட்டோ இருக்கா?"

பெற்றவள் பையைத் துழாவுவதற்குள் அத்தை தன் போனை நீட்டிவிட்டாள்.

"பொறந்த இருபதாம் நாள் நானே எடுத்தது. பாருங்க, ஒரு குறை சொல்ல முடியுமா? இந்த முகத்தைத்தான் இவ பாழாக்கிட்டா."

டாக்டரம்மா படத்தை விரலால் பெரிதாக்கினார். பிறகு அதை அத்தையிடமே திருப்பிக் காட்டினார்.

"இடது கன்னத்தைப் பாருங்கம்மா."

அத்தை பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இடது கன்னம் உப்பிக் கண்ணோரம் வரைக்கும் ஏறியிருந்தது. கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று எத்தனை பேருக்குக் காட்டிய படம்!

"இது அடிபட்ட வீக்கம் இல்ல, கொழுப்பு" என்றார் டாக்டரம்மா. "சாதாரணக் கொழுப்புக் கட்டின்னா ஒரு உறைக்குள்ள தனியா உருண்டு நிக்கும். இங்க உறையே இல்லாம தசைக்குள்ள ஊடுருவியிருக்கு. கன்ன எலும்பும் சேர்ந்து வளர்ந்திருக்கு, பல் முந்தினதும் அதனாலதான். சதை எடுத்துப் பரிசோதிச்சதுல புற்றுநோய் இல்லன்னு வந்திருக்கு. ரொம்ப அபூர்வம்கிறதால பார்த்தவங்க யாருக்கும் பிடிபடல. பிறக்கும்போதே இருந்தது. யார் கை தவறியும் இது வரல."

"சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் பெற்றவள்.

டாக்டரம்மா திரையில் கன்னத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"முழுசா எடுக்க முடியாதும்மா. சிரிக்க வைக்கிற நரம்பு அதுக்குள்ளதான் ஓடுது. எடுத்தாலும் திரும்ப வளரலாம். பெரியவளாகட்டும், கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பார்க்கலாம். அதுவரைக்கும் இந்த முகத்தோடதான் பள்ளிக்கூடம் போகணும்."

"அப்போ இன்னிக்கு ஊசி கிடையாதா?" என்று கேட்டது குழந்தை. அந்தச் சந்தோஷத்தை யாராலும் பார்க்க முடியவில்லை.

ஆறு வருஷமாக ஒருத்தியை நாக்காலேயே அடித்திருக்கிறோமே என்று அத்தைக்கு வெட்கமாக இருந்தது. தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடும்மா. வீண் பழியைத் தூக்கி உன் தலையில போட்டுட்டேன். நீயாவது ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?"

அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. குழந்தையை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். அத்தை ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனாள்.

வெளியே பெஞ்சில் பதிமூன்று வயசு மூத்தவள், கால் கட்டைவிரலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் முன்னால் மண்டியிட்டு, அவள் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தினாள்.

"பாப்பாவுக்குப் பொறக்கும்போதே இருந்ததாம்டி! அன்னிக்கு உன் கையிலேருந்து விழுந்ததால இல்லையாம்!"