நாற்பது டிகிரி

"ரேணு, இப்ப எவ்ளோ காட்டுது, பாரு!"

பூக்கூடைக்குப் பின்னாலிருந்து பேபி இதைக் கேட்பது கால் மணி நேரத்தில் நான்காவது முறை. ரேணுகா கீரைக் கட்டுகளின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, சேலைத் தலைப்பின் நிழலில் போனை வைத்துப் பார்த்தாள்.

"முப்பத்தொம்போது புள்ளி ஆறு."

"இன்னும் நாலே புள்ளி! ஏறிடும்டி, ஏறிடும்."

அக்னி நட்சத்திரத்து மதியத்தில், வெயில் இன்னும் ஏறட்டும் என்று வேண்டிக்கொள்ளும் வரிசை பூந்தமல்லியிலேயே அந்த நடைபாதைக் கடை வரிசை ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாம் வெயில் இன்சூரன்ஸ் செய்த வேலை. திருமழிசையில் நட்டிருக்கும் கருவி மூன்று நாள் தொடர்ந்து நாற்பது டிகிரியைத் தொட்டால், திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொருவர் கணக்கிலும் ஆயிரத்தைந்நூறு ரூபாய் விழும். வெயிலில் கீரை வாடும், பூ கருகும், சில சமயம் ஆளே சுருண்டு விழும், அதற்கான ஈடு. முந்தாநாள் நாற்பதைத் தொட்டது. நேற்றும் தொட்டது. இன்று மூன்றாம் நாள்.

தெருத் தெருவாக நடந்து, வியாபாரிப் பெண்கள் இருபத்திரண்டு பேரையும் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்து, ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாய் கட்டணம் வாங்கியவள் ரேணுகாதான். குழுவுக்கு அவள்தான் தலைவி.

"நாப்பது வந்துச்சுன்னா நாளைக்கும் நாளன்னிக்கும் நான் கடை போடமாட்டேன், ஆமா" என்றாள் ஜுலைகா. வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. நேற்று இதே இடத்தில் மயங்கி விழுந்தவளை, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

"இன்னிக்கே ஊட்டுக்குப் போய்ப் படுங்கக்கா" என்றாள் ரேணுகா.

"படுத்தா சோறு யாரு போடுவா? மெசேஜ் வரட்டும், போறேன். வந்தா உனக்குத்தானே மொதல்ல வரும்?"

ரேணுகா எழுந்தாள். நான்கு அடி நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள்.

"குட்டி போட்ட பூனை மாரி சுத்தாதடி, தலை சுத்துது" என்றாள் பேபி. அப்போது அவளுடைய போன் அடித்தது. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கம் டிபன் கடை வைத்திருக்கும் தங்கச்சி. "இன்னாடி சொல்ற? எப்போ?" என்று கத்தியவள், போனை மடியில் போட்டுவிட்டு வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

"அங்க கடக்காத்து வந்துடுச்சாம்!"

கடற்காற்று வந்துவிட்டால் அன்றைய வெயில் அவ்வளவுதான். கிழக்கே இருந்து ஊர் ஊராக உள்ளே நுழைந்து, பூந்தமல்லியைத் தாண்டித்தான் அது திருமழிசைக்குப் போகும்.

"பாழாப் போற காத்து! தெனமும் சாயங்காலம் வரும், இன்னிக்கு இன்னா அவசரம் அதுக்கு?" என்றாள் ஜுலைகா.

"நெசமாவா சொன்னா? நல்லாக் கேட்டியா?" ரேணுகாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. தெருமுனை வரை ஓடி, கிழக்குப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"போய்க் குறுக்க படுத்து நிறுத்தப்போறியா?" என்று பேபி கேட்க, வரிசையே சிரித்தது.

முப்பத்தொன்பது புள்ளி எட்டு. தெருவில் கட்டியிருந்த பேனர்கள் இன்னும் ஆடவில்லை. ரேணுகாவின் கழுத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. சாக்குக்குத் தண்ணீர் தெளிக்கவும் மறந்துபோனாள்.

"கட்டு எவ்ளோம்மா?" என்று ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்டார்.

"முப்பத்தொம்போது புள்ளி ஒம்போது" என்றாள் ரேணுகா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கீரையா, தங்கமா?" என்று முறைத்துவிட்டு அவர் போய்விட்டார். பேபிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், தலைக்கு மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் ஒரு முறை பொம்மென்று உப்பி அடங்கியது. பிறகு விடாமல் படபடத்தது. வியர்த்த முகங்களில் குளிர்ந்த காற்று வந்து மோதியது.

"திருமழிசைக்கு இன்னும் போயிருக்காது. பாரு, பாரு" என்றாள் பேபி.

புள்ளி ஒன்பதிலேயே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ரேணுகா விரலால் திரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புள்ளி ஐந்து. அடுத்துப் பார்த்தபோது முப்பத்தெட்டு.

ரேணுகா தரையில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"தா, இன்னா இது? இதுக்குப் போய் அழுவுற?" பேபி கூடையைத் தள்ளிவிட்டு வந்து அவள் முதுகைத் தடவினாள். "காத்தை நீயா கூப்ட்ட?"

"நமக்காவ எப்டி துடிக்கிறா பாரு, அல்லா இவளை நல்லா வெக்கணும்" என்றாள் ஜுலைகா. பிறகு பெருமூச்சோடு வெள்ளரிப்பிஞ்சுகளை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். "சரி, நாளைக்கும் கடை போடவேண்டிதான்."

"எங்க போயிடும்? அக்னி முடிய இன்னும் பதினேழு நாளு கீது" என்றாள் பேபி. "அதுக்குள்ள தொடர்ந்து மூணு நாளு நாப்பது அடிக்காமலா பூடும்? துட்டு வந்தே தீரும், நீ வேணா பாரு."

ரேணுகா முந்தானையை எடுக்கவே இல்லை. பேபியின் பாஸ்புக் நகல் வந்ததும் யாரையும் விடாமல் எல்லாருக்கும் ஒன்றாகக் கட்டிவிடலாம் என்று அவள் காத்திருந்ததில் கடைசித் தேதி தாண்டிப்போய், ஒருவர் பெயரிலும் கட்டாத அந்தப் பணம் முழுவதும் அவள் வீட்டு அரிசி டின்னுக்குள் அப்படியே கிடந்தது.