மூன்றாவது மாதிரி

இயந்திரத்துக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது.

காலை மாற்றி மாற்றிப் போட்டபடி அது தட்டச்சு செய்தது: “சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் வாஷிங் மெஷினில் எங்கே தண்ணீர் கசிகிறது?”

வாடிக்கையாளரின் பதில் உடனே திரையில் வந்தது: “அடியில். சொட்டுச் சொட்டாக. நிற்கவே இல்லை.”

அவன் பல்லைக் கடித்தான்.

புகார்களுக்குப் பதில் சொல்லும் இயந்திரம் ஒன்றை அந்த நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்தது. முதல் மாதிரி வெறும் காகிதத்தில் வரைந்த படம். இரண்டாவது, தொட்டால் பக்கம் மாறும் திரை, மூளை கிடையாது. மூன்றாவது மாதிரிக்கு மூளையாக அவனைத் தடுப்புக்குப் பின்னால் ஒளித்து உட்காரவைத்திருந்தார்கள். மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, நிஜ இயந்திரத்தைப் பிறகு செய்வார்களாம்.

“எதிர் ஆபீஸ்காரங்க ஒரு வாடிக்கையாளரைக் குடுத்திருக்காங்க,” என்று வடிவமைப்பாளர் காலையிலேயே சொல்லியிருந்தாள். “உள்ள ஆள் இருக்குன்னு அவருக்குச் சந்தேகம் வந்துச்சுன்னா, சோதனையே பாழ். நீயும் கிளம்ப வேண்டியதுதான்.”

கிளம்பினால் அக்கா வீட்டு ஓசிச் சோறுதான். தட்டில் கை வைக்கும்போது மாமா, “இன்னிக்கும் லீவா மச்சான்?” என்பார்.

அவன் தந்திரமாக அடித்துப் பார்த்தான்: “நீண்ட நேரமாக உரையாடுகிறோம். சற்று ஓய்வெடுக்கிறீர்களா?”

“நன்றி. எனக்கு ஓய்வு தேவையில்லை. அடுத்த கேள்வி.”

“சரியான கல்லுளிமங்கன்,” என்று முனகினான்.

தடுப்புக்கு மேலே வடிவமைப்பாளரின் தலை தெரிந்தது. “பிரமாதம்பா! துளி சந்தேகம் வரல அவருக்கு. ஏன் இப்படி நெளியுற?”

“ஒண்ணுக்கு வருது மேடம்.”

“மெஷினுக்கு ஏதுப்பா ஒண்ணுக்கு? அடக்கு.”

அவளுக்கு ஃபோன் வந்தது; நகர்ந்தாள். அவன் அடித்தான்: “மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது. ஐந்து நிமிடம் காத்திருக்கவும்.” பிறகு நாற்காலி கவிழ ஓடினான்.

அந்த மாடிக்கே ஒரு கழிப்பறைதான். அவன் நின்ற மறுகணம், இன்னொருவன் தலைதெறிக்க ஓடிவந்து பக்கத்தில் நின்றான். இருவரும் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

“எதிர் ஆபீஸா?” என்று இவன் கேட்டான். “அங்க என்ன செய்றீங்க?”

“மெஷினைச் சோதிக்கிற மெஷின்ணே. வாடிக்கையாளர் மாதிரியே புகார் சொல்லும். இன்னும் முழுசாத் தயாராகல.”

சொல்லிக்கொண்டே அவன் பாதி ஜிப்போடு கதவுக்குப் பாய்ந்தான்.

“இருப்பா, கையாவது கழுவு!”

“அஞ்சு நிமிஷம்தாண்ணே கிடைச்சிருக்கு. எங்க மெஷினுக்குள்ள உட்கார்ந்திருக்கிறதே நான்தான்னு எதிர்ல இருக்கிற மெஷின் கண்டுபிடிச்சுட்டா என் வேலை போயிடும்!”