பாப்பாவுக்கு ஒரு ஸ்கின்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் டேனியல் தோல்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவன் மனைவி சௌந்தர்யா போன் செய்தாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகளுக்கு உடம்பில் சூடு நிற்கவில்லை. சௌந்தர்யாவுக்கோ காய்ச்சல்.

"பாப்பாவுக்கு ஸ்கின் வேணுமாம் மாமா. சிஸ்டர் உன்ன சீக்கிரம் வரச் சொல்றாங்க."

அவன் சூப்பர்வைசர் ரஷீத் பாயிடம் ஓடினான்.

"பாய், பாப்பாவுக்குப் போத்த ஒரு ஸ்கின் வேணுமாம்."

"இன்னா கலரு?"

"சொல்லல பாய்."

"எக்ஸ்போர்ட் சரக்குலயே எடுத்துனு போ. சாஃப்டா பாத்து எடு."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் கொண்டுவந்த தோலைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது?"

"ஆட்டு ஸ்கின் சிஸ்டர். ஃபர்ஸ்ட் கிரேடு."

"ஆட்டுது இல்லண்ணா, உங்க ஸ்கின். சட்டையக் கழட்டிட்டு சாய்ஞ்சு உக்காருங்க."

குழந்தையை அவன் வெறும் மார்பில் படுக்கவைத்துத் துணியால் சேர்த்துக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் அதன் பாதங்கள் சூடாயின.

சாயங்காலம் ரஷீத் பாய் போன் செய்தார்.

"ஸ்கின் பாஸ் ஆச்சாப்பா?"

"நம்ம சரக்கு ரிஜெக்ட் பாய்," என்றான் டேனியல், மகள் எழுந்துவிடாத குரலில். "என்னுது பாஸ்."

"அப்ப வேலைக்கு எப்ப வர்றே?"

"தெரியல பாய். பார்ட்டி விடமாட்டேங்குது."